இரண்டு நாள் எண்கள்: ரத்தத்தில் தெரியும் நுரையீரல்

வைரஸ் நிமோனியா முற்றியவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கியதும், வீட்டாரின் கண் போவது தடித்த எழுத்தில் அச்சான எண்களின் மேல்தான். சிஆர்பி, டி-டைமர், எல்டிஹெச். 'எல்லாமே ஏறியிருக்கிறதே' என்று நெஞ்சு படபடக்கும். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் தெளியும்.

டி-டைமரை எடுத்துக்கொள்வோம். ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. அடுத்தடுத்த இழைகளின் 'டி' முனைகளை ஒரு நொதி சேர்த்துத் தைத்துவிடுகிறது. பிறகு அந்த ரத்தக்கட்டியைக் கரைக்க வரும் பிளாஸ்மின் என்ற நொதி, வலையை வேறு இடங்களில் வெட்டுமே தவிர இந்தத் தையலைப் பிரிக்காது. இரண்டு 'டி'க்களும் ஒட்டியபடியே ரத்தத்தில் மிதந்து வரும். எங்கோ ரத்தம் உறைந்து, கரையவும் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே தடயம். கோவிட்டில் இறந்தவர்களின் நுரையீரல் நுண்குழாய்களில் பொடிப்பொடியாக ரத்தக்கட்டிகள் இருந்ததைப் பிரேதப் பரிசோதனைகள் காட்டின. 2020-இல் வெளிவந்த வூஹான் ஆய்வொன்றில் 191 நோயாளிகளில் 54 பேர் இறந்தனர். மருத்துவமனையில் சேரும்போதே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் பல மடங்கு கூடுதலாக இருந்தது. ஆனால் கர்ப்பத்திலும் முதுமையிலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும்கூட டி-டைமர் ஏறும். தனியாக நின்று சாட்சி சொல்ல அதனால் முடியாது.

எல்டிஹெச், செல்கள் உடைந்தால் கசியும் நொதி. ஊசியில் இழுக்கும்போதே சிவப்பணுக்கள் உடைந்தாலும் எண் எகிறிவிடும்; ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரம் சிவந்திருந்தால் லேபில் மறுபடி ரத்தம் கேட்பது அதனால்தான். லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை மட்டும் எதிர்த்திசையில் போகும்: நோய் முற்ற முற்றக் குறையும்.

இவற்றில் நான் அதிகம் மதிப்பது, உடலில் உள்ள அழற்சியைக் காட்டும் புரதமான சிஆர்பியை. 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் அது முதலில் கண்டறியப்பட்டது. நோயெதிர்ப்புச் செல்கள் அனுப்பும் ஐஎல்-6 என்ற செய்தி கல்லீரலை எட்டியதும் அங்கே சிஆர்பி உற்பத்தி பெருகும். ரத்தத்துக்கு வந்தது சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகக் கழிந்துவிடும். அந்த வேகம் நோயால் மாறுவதில்லை. ஆகவே அழற்சி அடங்கினால் ஓரிரு நாளில் எண் சரியும். நேற்று 160, இன்று 90 என்றால் ஆறுதல். நேற்று 40, இன்று 90 என்றால் கவலை. ஒரே 90தான், ஆனால் நேற்றைய ரிப்போர்ட் இல்லாமல் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது.

பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, கோவிட் நோயாளிகளில் ஆக்சிஜன் குறைந்து, சிஆர்பி லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்து டோசிலிசுமாப் மருந்தைச் சோதித்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 28 நாளுக்குள் 35 சதவீதம் பேர் இறந்தனர். இந்த மருந்தும் பெற்றவர்களில் 31 சதவீதம். ஐஎல்-6இன் செய்தி கல்லீரலுக்கு எட்டாதபடி தடுப்பது இந்த மருந்து. போட்ட சில நாட்களில் சிஆர்பி தரைமட்டத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு பாக்டீரியா தொற்று புதிதாகப் புகுந்தாலும் சிஆர்பி ஏறாமல் இருக்கக்கூடும், காய்ச்சலும் தலைகாட்டாமல் போகலாம். அந்த நாட்களில் டாக்டர்களின் கவனம் மூச்சின் வேகத்திலும் ரத்த அழுத்தத்திலும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டிலும்தான் இருக்கும்.