டியூட்டர்னா யாரு? தமிழ்ல எப்படி சொல்றது?

அகராதிய எடுத்து டியூட்டர்னு தேடினா "தனிப்பயிற்சி ஆசிரியர்"னு போட்டு ஒரே வரில முடிச்சிருப்பாங்க. தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா காலேஜ்ல டியூட்டரிங் சென்டர்னு ஒண்ணு வெச்சு உள்ள நடக்கற வேலைக்கு அந்த சொல் சரியா பொருந்தல, ஏன்னா அங்க உக்காந்து சொல்லித்தர்றவங்கள்ல நிறைய பேர் ஆசிரியரே கிடையாது, போன வருஷம் அதே பேப்பர எழுதி நல்ல மார்க் எடுத்த சீனியர் ஸ்டூடன்ட்ஸ்தான்.

சொல் வந்த வழிய பாத்தா இன்னும் சுவாரசியம். லத்தீன்ல "துயேரி"ன்னா கண்காணிச்சு பாத்துக்கறது, காக்கறது. அதுல இருந்து பிறந்ததுதான் டியூட்டர், அதாவது காப்பாளர். ரோமானிய சட்டத்துல அப்பா செத்துப்போன சின்னப் பிள்ளைங்களோட சொத்த பாத்துக்க நியமிக்கற ஆளுக்குத்தான் இந்தப் பேரு, பையனுக்கு 14 வயசு ஆச்சுன்னா அந்தப் பொறுப்பும் முடிஞ்சுது. பாடம் நடத்தற பேச்சே இல்ல. பழைய பிரெஞ்சு வழியா 14ஆம் நூற்றாண்டு கடைசில இங்கிலீஷுக்கு வந்தப்பவும் காப்பாளர்ங்கற அர்த்தத்தோடதான் வந்துச்சு. அப்புறம் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரி இடங்கள்ல தங்கிப் படிச்ச பசங்களோட செலவு, நடத்தை, படிப்புன்னு எல்லாத்துக்கும் பொறுப்பா இருந்தவங்கள டியூட்டர்னு கூப்பிட்டாங்க, போகப்போக படிப்பு மட்டும் பெருசாகி மத்தது பின்னாடி போயிடுச்சு. கேம்பிரிட்ஜ்ல மட்டும் பழைய வாசனை இன்னும் இருக்கு, அங்க டியூட்டர்ங்கறவர் மாணவரோட நலன் பாத்துக்கறவர், பாடம் சொல்லித்தர்றவருக்கு சூப்பர்வைசர்னு வேற பேரு. ஆக்ஸ்போர்டுல டுடோரியல்னா ரெண்டு மூணு பேர மட்டும் உக்கார வெச்சு, அவங்க எழுதிட்டு வந்தத வெச்சே கேள்வி மேல கேள்வி கேக்கறது.

டியூஷனும் இதே வேர்தான், முதல்ல அதுக்கும் காவல்னுதான் அர்த்தம். அமெரிக்காவுல அது காலேஜ் ஃபீஸ், நம்ம வாய்ல சாயங்கால வகுப்பு. கோச்சிங் வேற குடும்பம். ஹங்கேரில கோச்ங்கற ஊர்ல செஞ்ச குதிரை வண்டிதான் கோச், பரீட்சைக்கு மாணவன ஏத்திட்டுப் போய் அந்தப்பக்கம் இறக்கி விடற ஆளையும் 1830கள்ல ஆக்ஸ்போர்டு பசங்க கிண்டலா அப்படி கூப்பிட ஆரம்பிச்சாங்க. கிண்டல் பேரு தொழில் பேராவே ஆயிடுச்சு. கெல்வின், மேக்ஸ்வெல், ஸ்டோக்ஸ்னு பின்னாடி பெரிய விஞ்ஞானி ஆனவங்களுக்கெல்லாம் கேம்பிரிட்ஜ்ல கணக்கு சொல்லித்தந்த வில்லியம் ஹாப்கின்ஸ் அப்படிப்பட்ட ஒரு கோச்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். தனிப்பயிற்சின்னு சொன்னா நமக்கு டக்குனு ஞாபகம் வர்றது டுடோரியல் காலேஜ், அதாவது ஃபெயில் ஆனவங்க திரும்ப எழுதப் போற இடம். அந்த நிழல் இந்த சொல் மேல இன்னும் விழுது, அதனாலயே காலேஜ்ல டியூட்டரிங் இருக்குன்னா "அது வீக் ஸ்டூடன்ட்ஸுக்கு"ன்னு நெனச்சு போக வேண்டியவங்களே போறதில்ல. பயிற்றுநர்னா இன்ஸ்ட்ரக்டர் மாதிரி மேல இருந்து கத்துத்தர்ற தொனி வருது. என்னைக் கேட்டா "பாடத்துணை"ங்கறதுதான் கிட்ட வருது. துணைங்கறதுல கூட இருந்து பாத்துக்கறதும் இருக்கு, வேலைய நீதான் செய்யணும்ங்கறதும் இருக்கு. மொத்த சேவைக்கும், அதாவது அகாடமிக் சப்போர்ட்டுக்கு, "கல்வி ஆதரவு"ன்னு அப்படியே பெயர்க்கறத விட "படிப்புத் துணை"ன்னு சொன்னா கேக்கறவங்களுக்கு உடனே புரியும்.

துணைன்னா எப்படின்னு ஒரு உதாரணம். ஒருத்தன் சைன் எக்ஸ் ஸ்கொயர, அதாவது sin(x²)ஐ, வகையிட்டு (டிஃபரென்ஷியேட் பண்ணி) காஸ் எக்ஸ் ஸ்கொயர்னு மட்டும் எழுதிட்டு வர்றான். விடைய சொல்றது ஒரு செகண்ட் வேலை. நல்ல டியூட்டர் சொல்ல மாட்டாங்க, "சைனுக்கு உள்ள என்ன இருக்கு, அது வெறும் எக்ஸா?"ன்னு கேட்டுட்டு பேசாம இருப்பாங்க. அவனே கொஞ்ச நேரம் பாத்துட்டு, உள்ள இருக்கறதையும் வகையிடணும்ல, அப்ப முன்னாடி டூ எக்ஸ் வரணும்னு எழுதிடுவான். பேனா கடைசி வரைக்கும் அவன் கைல இருந்துச்சான்னு பாருங்க, டியூட்டரிங் நடந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

அசைன்மென்ட் ஹெல்ப்னு பேரு வெச்சுட்டு காசுக்கு எழுதிக் கொடுக்கற கடைங்களும் தங்கள அகாடமிக் சப்போர்ட்னுதான் சொல்லிக்குது, அதுக்கு தமிழ்ல "ஆள் வெச்சு எழுதறது"ன்னு ஏற்கனவே நல்ல சொல் இருக்கு. ஆஸ்திரேலியா 2020லயும் இங்கிலாந்து 2022லயும் இத சட்டம் போட்டே தடுத்தாச்சு.

பியர் டியூட்டரிங், அதாவது மாணவரே மாணவருக்கு சொல்லித்தர்றது, புதுசா வெளியில இருந்து வந்த யோசனைன்னு நெனைக்கறவங்க நன்னூல் பாயிரத்த ஒரு தடவ பாக்கலாம். ஆசான் சொன்னத நல்லா வாங்கிக்கிட்டாலும் "காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்", கால் பங்குதான் தேறும்ங்கறார் பவணந்தி. கூடப் படிக்கறவங்களோட பழகறதுல இன்னொரு கால், மிச்சம் இருக்கற அரை, தான் மத்தவங்களுக்கு எடுத்துச் சொல்றப்பதான் வருதாம். அப்ப சீனியருக்கும் இதுல லாபம் இருக்கு, சொல்லப்போனா அவங்களுக்குத்தான் பெரிய பங்கு. இதுக்கு "உடன்பயில் துணை"ன்னு வெச்சுக்கலாம், கொஞ்சம் கனமா இருந்தாலும் அர்த்தம் நேரா இருக்கு.

தமிழ்ல சரியான பேரு கிடைக்காம நான் மாட்டிக்கிட்டது சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்தான். 1973ல அமெரிக்காவோட மிசூரி பல்கலைக்கழகத்து கான்சஸ் சிட்டி வளாகத்துல ஆரம்பிச்ச முறை, இதுல கஷ்டப்படற மாணவன தேடறதில்ல, கஷ்டமான பாடத்த தேடறாங்க, எந்தக் கோர்ஸ்ல நிறைய பேர் தோக்கறாங்களோ அதுக்கு வாராவாரம் கூடுதல் அமர்வு வெச்சு விருப்பம் இருக்கறவங்க யார் வேணா வரலாம்னு கதவ திறந்து விடறாங்க, ஏற்கனவே அத முடிச்ச மாணவர் ஒருத்தர் நடத்துவார். துணைப்பாடம்னு சொல்லலாம்னா பள்ளிக்கூடத்துல அது கதைப் புத்தகத்துக்குப் போயிடுச்சு, சிறப்பு வகுப்புன்னா லீவு நாள்ல வாத்தியார் வைக்கற ஸ்பெஷல் கிளாஸ். இப்போதைக்கு "பாடத்துணை அமர்வு"ன்னு எழுதிட்டு இருக்கேன்.