எதிர்க்குறியோடு வந்த குணகம்

கணினியில் வெப்பக் கணக்குப் போடுபவர்கள் என்றாவது ஒரு நாள் இதைப் பார்த்திருப்பார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடி முடிந்திருக்கும்; சுவருக்கும் அதைத் தொடும் காற்றுக்கோ நீருக்கோ இடையே வெப்பம் எவ்வளவு எளிதில் கடக்கிறது என்று சொல்லும் வெப்பப் பரிமாற்றக் குணகம் மட்டும் எதிர்க்குறியோடு வந்து நிற்கும். உடனே கணக்குக்காக இடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்த வலையமைப்பைச் சந்தேகித்து இரவெல்லாம் அதைத் திருத்துவார்கள். குற்றவாளி பெரும்பாலும் வகுக்கும் எண்ணில் ஒளிந்திருப்பான்.

குளிரும் பொருள் இழக்கும் வெப்பம், அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று நியூட்டன் 1701இல் எழுதினார். இன்றைய வடிவம் இது: வெப்பப் பாய்வு = குணகம் × (சுவர் வெப்பநிலை − ஒப்பீட்டு வெப்பநிலை). ஒப்பீட்டு வெப்பநிலை என்பது சுவரோடு ஒப்பிட நாம் தேர்ந்தெடுக்கும் வெப்பநிலை. இந்தக் குணகம் செம்பின் கடத்துதிறனைப் போலப் பொருளோடு பிறந்த பண்பு அன்று. தானாக எழும் காற்றோட்டத்தில் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 2 முதல் 25 வாட். விசிறி வைத்தால் 25 முதல் 250. வேகமாக ஓடும் நீரில் ஆயிரக்கணக்கில் போகும்.

சுவரை ஒட்டிய பாய்மத்தின் (காற்று, நீர் போன்றவற்றின்) ஆற்றல் சமன்பாட்டைத் தீர்க்கும் மென்பொருளுக்கு வெப்பப் பாய்வு நேரடியாகவே கிடைத்துவிடும். குணகம் அதற்குத் தேவையே இல்லை. நாம் கேட்பதால் வகுத்துத் தருகிறது. எதால் வகுக்கிறது? ஒப்பீட்டு வெப்பநிலைக்கான கட்டத்தில் இருக்கும் எண்ணை வைத்து. நாம் எதுவும் நிரப்பாவிட்டால், யாரோ எப்போதோ இட்டு வைத்த எண்ணை வைத்து!

சுவர் 80 டிகிரி, காற்று 25 டிகிரி, பாய்வு சதுர மீட்டருக்கு 500 வாட் என்று கொள்வோம். 25ஐ ஒப்பீடாக எடுத்தால் குணகம் ஏறக்குறைய 9.1. சுவருக்கு அருகிலுள்ள 60 டிகிரியை எடுத்தால் 25. இரண்டையும் அதனதன் வெப்பநிலை வேறுபாட்டோடு பெருக்கினால் அதே 500தான். இதுவரை சண்டை இல்லை. அடுத்து குணகமும் அதன் ஒப்பீட்டு வெப்பநிலையும் சேர்ந்த இந்த இணைகளைத் திண்மப் பகுதியின் கணக்குக்கு அனுப்புகிறோம். அங்கே சுவர் 90 டிகிரிக்கு ஏறுகிறது. முதல் இணை 591 வாட் என்கிறது, இரண்டாவது 750. ஒரு இணையின் குணகத்தை மற்றதன் வெப்பநிலையோடு கலந்துவிட்டால் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

எது சரியான ஒப்பீடு? திறந்த வெளியில் தொலைவிலுள்ள காற்று. குழாய்க்குள் அந்தக் குறுக்குவெட்டின் கலந்த சராசரி. ஒலியைப்போல் 2 மடங்கு வேகத்தில், −56 டிகிரிக் காற்றில் பறக்கும் விமானத்துக்கு இந்த உள்ளுணர்வு உதவாது. அதன் 50 டிகிரித் தோலைக் காற்று குளிர்விப்பதில்லை, சூடாக்குகிறது. தோலருகே உராய்ந்து வேகமிழக்கும் காற்று ஏறக்குறைய 98 டிகிரியை எட்டிவிடுவதே காரணம். −56ஐ ஒப்பீடாகக் கொடுத்தால் குணகம் எதிர்க்குறியில்தான் வரும்.

எனக்குப் பிடித்த வழி சற்றுச் செலவானது. இருவேறு சுவர் வெப்பநிலைகளுக்குக் கணக்கை ஓட்டி, பாய்வை வரைபடத்தில் குறித்துக் கோடு இழுக்க வேண்டும். கோட்டின் சாய்வு குணகம். பாய்வு பூஜ்யமாகும் இடம் ஒப்பீட்டு வெப்பநிலை. தானாக எழும் காற்றோட்டத்தில் ஓட்டமே சுவரின் சூட்டைப் பொறுத்தது என்பதால் கோடு வளையும். அங்கே இரண்டு புள்ளிகளையும் நெருக்கமாக எடுக்க வேண்டும்.