ஃபர்னஸ் காஸ் அழுத்தம்: காலையில் 7, இரவில் 3.7

போன ஜனவரியில் ஸ்காபரோவிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். "தம்பி, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வீடு குளிருது. காலமை ஆர் வந்து பாத்தாலும் நல்லாத்தான் ஓடுது. எனக்கு விசர் பிடிக்குது." வீட்டைச் சூடாக்கும் காஸ் உலையான ஃபர்னஸைப் பார்க்க எனக்கு முன்பே இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். ஒருவர் சுவாலையை உணரும் சென்சரை மாற்றியிருந்தார், அடுத்தவர் பிரஷர் சுவிட்சை மாற்றியிருந்தார்.

இந்தப் பிரஷர் சுவிட்ச் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் பாதிப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். அந்தச் சுவிட்சுக்கும் காஸ் அழுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறி ஒழுங்காக இழுக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. ஃபர்னஸின் கட்டுப்பாட்டுப் பலகையில் அந்தப் பெயரோடு ஒரு பிழைக்குறி வந்தால் "காஸ் குறைவாம்" என்று முடிவு கட்ட வேண்டாம்.

சரி, காஸ் அழுத்தத்துக்கு வருவோம். இதை நாங்கள் அளப்பது நீர் அங்குலத்தில். வளைந்த குழாயில் தண்ணீரை எத்தனை அங்குலம் மேலே தள்ளுகிறது என்பதுதான் கணக்கு. கார் ரயரில் 32 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம் அல்லவா, அதில் ஒரு பி.எஸ்.ஐ. என்பதே 27.7 நீர் அங்குலம். பெரும்பாலான வீடுகளில் இயற்கை எரிவாயு ஃபர்னஸுக்கு வந்து சேரும்போது 7 அங்குலம், அதாவது கால் பி.எஸ்.ஐ. அளவுதான். சில வீடுகளில் உள்ளே 2 பி.எஸ்.ஐ. குழாய் ஓடும், ஆனால் அங்கேயும் ஃபர்னஸுக்கு முன்னால் ஒரு ரெகுலேற்றர் வைத்து அழுத்தத்தைக் குறைத்துத்தான் விடுவார்கள். இவ்வளவு மெல்லிய அழுத்தம் என்பதால் சில அங்குலம் குறைந்தாலே ஃபர்னஸுக்குத் தெரிந்துவிடும்.

அளக்க வேண்டிய இடம் இரண்டு. காஸ் வால்வுக்குள் வரும் அழுத்தம் ஒன்று, வால்விலிருந்து பர்னர்களுக்குப் போகும் அழுத்தம் மற்றது. இயற்கை எரிவாயுவுக்கு இரண்டாவது வழக்கமாக 3.5 அங்குலம், புரோப்பேனுக்கு 10. இரண்டு நிலையில் எரியும் ஃபர்னஸானால் சின்னத் தீயில் 1.7 அளவில் இருக்கும். உங்கள் ஃபர்னஸின் சரியான எண் அதன் கதவுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கிறது, என் வாயில் இல்லை.

அக்காவின் வீட்டுக்கு முதலில் காலையில்தான் போனேன். அழுத்தம் அளக்கும் மனோமீற்றரைப் போட்டேன், உள்ளே 7, வெளியே 3.5. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பேஸ்மென்றில் குடியிருந்த பெடியனிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் கீழேயும் ஒரு காஸ் அடுப்பு இருப்பது தெரிந்தது, அப்புறம் பழைய தண்ணீர்த் தாங்கியை எடுத்துவிட்டு 199,000 பி.டி.யு. (ஒரு மணி நேரத்தில் எரிக்கும் வெப்ப அளவு) டேங்க்லெஸ் ஹீற்றர் ஒன்று போட்டிருப்பதையும், அதற்கு எடுத்த கிளை பழைய அரை அங்குலக் குழாயிலிருந்தே போவதையும் பார்த்தேன். அரை அங்குல இரும்புக் குழாய் 50 அடி தூரத்துக்கு, அழுத்தம் அரை அங்குலத்துக்கு மேல் விழாமல், சுமார் 70,000 பி.டி.யு.தான் கொண்டுபோகும்.

அன்று இரவு ஏழு மணிக்குத் திரும்பவும் போனேன். மேலே புட்டு அவிகிறது, கீழே இறைச்சிக்கறி, ஒருவர் குளிக்கிறார். ஃபர்னஸ் எரியத் தொடங்கியதும் உள்ளே வரும் அழுத்தம் என் கண் முன்னாலேயே 3.7க்கு இறங்கியது. வால்வைத் தாண்டும்போதும் கொஞ்சம் போய்விடும் என்பதால் பர்னருக்கு 3.5 கிடைக்க வழியே இல்லை. சுவாலை சுருங்கி, சென்சர் அதைக் காணாமல், சில தடவை முயன்றுவிட்டு ஃபர்னஸ் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. அப்படிப் பூட்டிக்கொண்டால் பல ஃபர்னஸ்கள் ஒரு மணி நேரம், சிலது மூன்று மணி நேரம் கழித்துத்தான் மறுபடி முயலும். அதற்குள் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள், அழுத்தம் ஏறிவிடும், காலையில் வருகிற ஆளுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மாற்றிய இரண்டு பாகத்துக்கும் கொடுத்த காசு வீண். காஸ் கொம்பனி மீற்றரைப் பெரிதாக்கியது, நான் டேங்க்லெஸுக்கு மீற்றரிலிருந்தே தனியாக ஓர் அங்குலக் குழாய் இழுத்தேன்.

அதனால்தான் வீட்டில் உள்ள காஸ் சாதனம் எல்லாவற்றையும் ஓடவிட்டு அளந்து பாருங்கள் என்று வருகிற ஆளிடம் கேளுங்கள் என்கிறேன். இரண்டு எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "எல்லாம் ஓகே" என்பது அளவு இல்லை.

வால்வில் ஒரு மூடிக்கு அடியில் திருகு இருக்கும், அதை வலப்பக்கம் திருப்பினால் அழுத்தம் கூடும், வீடியோவில் எல்லாரும் காட்டுகிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள். அக்கா வீட்டில் அதைத் திருகியிருந்தால் இரவில் ஒன்றும் மாறியிருக்காது, ஆனால் காலையில் தீ அளவுக்கு மிஞ்சி எரிந்திருக்கும். கூடினால், தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் சூடேறி வெடிப்பு விழும், காஸ் முழுதாக எரியாமல் கார்பன் மொனொக்சைட் உண்டாகும். நெடுநாள் குறைந்தே எரிந்தாலும் ஈரம் படிந்து உலோகம் துருப்பிடிக்கும். ஒன்ராறியோவில் இந்த வேலைக்கு டி.எஸ்.எஸ்.ஏ. (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) உரிமம் வேண்டும், அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

2008 டிசம்பரில் வுட்ஸ்டொக்கில் புகை போகும் வழி அடைபட்டு ஒரு குடும்பமே போனது. அங்கே காரணம் காஸ் அழுத்தம் அல்ல, ஆனால் கொன்றது இதே கார்பன் மொனொக்சைட்தான், வீட்டில் அலாரமும் இருக்கவில்லை. அவர்கள் பெயரில் வந்த ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டத்தால்தான் இன்று படுக்கையறைப் பக்கம் கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். பேஸ்மென்றில் குடியிருப்பவர் படுக்கும் இடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு, எதையும் கழற்றத் தேவையில்லை. கன அடி முள் உள்ள மீற்றரானால் மற்ற எல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டு ஃபர்னஸை மட்டும் முழுத் தீயில் ஓடவிட்டு, ஒரு கன அடி போக எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். ஒரு கன அடியில் ஆயிரம் பி.டி.யு.வுக்குச் சற்றுக் கூட இருக்கும், ஆக 80,000 பி.டி.யு. ஃபர்னஸுக்கு 45 விநாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். 35, 36 என்று வந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் ரெகுலேற்றரின் மூச்சுத் துளையைப் பனி மூடவிடாதீர்கள், அழுத்தம் கூடவும் குறையவும் அதுவே போதும். கையால் மெல்லத் தட்டிவிடுங்கள், சவளால் அடிக்க வேண்டாம். காஸ் மணந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே போய்ப் பிறகு தொலைபேசியை எடுங்கள்.

இன்னொன்று. "காஸ் பிரஷர் செக் பண்ண வந்தோம்" என்று கதவைத் தட்டுபவர்களைப் பற்றி மாதம் ஒரு அழைப்பாவது எனக்கு வருகிறது. கூப்பிடாமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸுக்கோ தண்ணீர் ஹீற்றருக்கோ ஒப்பந்தம் எழுதுவது ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் தடை. கையில் மனோமீற்றர் இல்லாமல் ஒப்பந்தத் தாளோடு நிற்பவரைக் கதவைத் திறக்காமலே அனுப்பிவிடலாம்.