மூன்று தடவை கீறியும் ஆறாத கட்டி

இப்படி ஆறாத மார்புக் கட்டி, இந்த வருஷத்தில் இது நான்காவது. மஞ்சப் பையில் ஃபைலோடு வந்தார், 28 வயது, கைக்குழந்தை மாமியார் மடியில். மடித்து வைத்திருந்த பஞ்சை எடுத்தால் இடது மார்பில் மூன்று தழும்பு. நடுத் தழும்பின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டை, அதிலிருந்து நீர்த்த சீழ். ஏழு மாதத்தில் மூன்று இடங்களில் “பால் கட்டி” என்று கீறியிருக்கிறார்கள். சீழைப் பரிசோதித்த ரிப்போர்ட் ஒன்றுகூட ஃபைலில் இல்லை. அத்தனையும் குப்பை வாளிக்குத்தான் போயிருக்கிறது.

ஊசியில் சதை எடுத்து அனுப்பினேன். கிரானுலோமா, அதாவது நாள்பட்ட அழற்சியில் உருவாகும் செல் முடிச்சு. ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனையில் காசநோய்க் கிருமி.

“இருமலே இல்லையே டாக்டர், டி.பி. எப்படி?” என்றார் மாமியார். அவர் கேட்கலாம். போன மாதம் ஒரு இளம் டாக்டரும் இதையே கேட்டார், எரிச்சல் அங்கேதான். முடி, நகம் தவிர உடம்பில் எங்கும் டி.பி. வரும். கழுத்து நெறிக்கட்டியில் வரும், முதுகெலும்பில் வரும், குடலில் வரும். இருமல் வேண்டாம், சளி வேண்டாம், காய்ச்சல்கூட வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரே பளிச்சென்று இருக்கலாம். மார்பில் வருவது அபூர்வம், ஆனால் புதிதல்ல. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1829-லேயே எழுதி வைத்துவிட்டார்.

சக மருத்துவர்களுக்கு: எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம், கிருமியைக் கொன்றுவிடும்) போடாதீர்கள். செத்த கிருமி கல்ச்சரில், கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், எப்படி வளரும்? ஒரு துண்டாவது சலைனில் (உப்பு நீரில்) போகட்டும். மார்பு டி.பி.யில் கிருமி குறைவு, ஏ.எஃப்.பி. (நுண்ணோக்கியில் கிருமியைத் தேடும் சோதனை) நெகட்டிவ் என்றதும் கைகழுவ வேண்டாம். அப்புறம், கிரானுலோமா என்று பார்த்ததுமே, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு எழுதும் அவசரம். டி.பி. இல்லை என்று உறுதி செய்யாமல் அதைத் தொடாதீர்கள்.

மருந்து வழக்கமான டி.பி. மருந்துதான். இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. அரசு மருத்துவமனையில் இலவசம். மார்பை எடுக்க வேண்டியதில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதீர்கள். கருத்தடை மாத்திரையை மட்டும் இந்த மாதங்களில் நம்பாதீர்கள், வேறு வழி கேளுங்கள்.

தயவுசெய்து, இரண்டு வாரத்தில் கரையாத கட்டி எதுவானாலும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். புற்றுநோயும் இதே வேஷத்தில் வரும். ஒரு முறை கீறியது மறுபடி சீழ் பிடித்தால், “சீழை எந்த லேபுக்கு அனுப்புறீங்க?” என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா? கோபிக்கட்டும்.

நேற்று அவர் வந்திருந்தார், மருந்து தொடங்கி இரண்டு மாதம். ஓட்டை மூடிவிட்டது, பஞ்சு இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்: “மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?”

முறைத்தேன்.