சென்னையில் பாலும் நெய்யும் சேராத இனிப்பு: எங்கே கிடைக்கும், எப்படிக் கேட்க வேண்டும்

உணவியல் ஆலோசனைக்கு வருகிறவர்களில் மூன்று தரப்பினர் இதைக் கேட்கிறார்கள். கொள்கைக்காக வீகனாக, அதாவது பால், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர்களாக மாறியவர்கள் முதல் தரப்பு. பால் குடித்தால் வயிறு உப்பி, வாயு சேர்ந்து, பேதியாகிறவர்கள் இரண்டாவது. பால் புரத ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மூன்றாவது. கடையில் மூவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், ஆனால் மூவருக்கும் தேவையான பதில் வேறு.

இரண்டாவது தரப்பினருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரைதான் செரிப்பதில்லை. நெய்யில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம், அதனால் பலருக்கு ஒரு துண்டு மைசூர்பா தொல்லை தராது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அப்படியில்லை. நெய்யில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளி பால் புரதமே போதும், உதடு வீங்கிவிடலாம். வீகனுக்கு நெய், தயிர், தேன் எதுவுமே ஆகாது.

வீகன் இனிப்பு என்றதும் எல்லோரும் புதுசாகத் திறந்த கஃபேக்களைத்தான் தேடுகிறார்கள். அங்கேயும் நல்லது கிடைக்கும், ஆனால் விலை அதிகம். நான் முதலில் அனுப்புவது நெல்லை, தூத்துக்குடித் தின்பண்டம் விற்கும் கடைகளுக்கு. இப்போது சென்னையில் பல பேட்டைகளில் இந்தக் கடைகள் வந்துவிட்டன. அங்கே மஸ்கோத் அல்வா கேளுங்கள். தூத்துக்குடி மாவட்டத்து முதலூர் இதற்குப் பேர்போன ஊர். மைதாவைப் பிசைந்து, தண்ணீரில் கரைத்து மாவுப்பால் எடுத்துப் புளிக்கவிடுவார்கள். அதைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து அடுப்பிலேற்றி, தேங்காயெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை மணிக்கணக்கில் கிண்டுவார்கள். அந்த வழவழப்பு முழுக்கத் தேங்காய் தருவது. ஒரு எச்சரிக்கை: பக்கத்துத் தட்டிலேயே நெய் சொட்டும் திருநெல்வேலி அல்வா இருக்கும், வெட்டும் கத்தியும் ஒன்றாகவே இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் வெட்டிக் கொடுப்பதை வாங்காமல், செய்த இடத்திலேயே கட்டி வந்த பாக்கெட்டை, சேர்மானத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

அதே கடையில் கருப்பட்டி மிட்டாய் இருக்கும். அரிசியும் உளுந்தும் அரைத்து, எண்ணெயில் பிழிந்து பொரித்து, கருப்பட்டிப் பாகில் ஊறப்போட்டது. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயும் இருக்கும். எள்ளுருண்டை, பொருள்விளங்காய் உருண்டை எல்லாம் பெரும்பாலும் பால் சேராதவையே, ஆனாலும் உருண்டை பிடிக்கக் கையில் நெய் தொட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேரளச் சிப்ஸ் கடையில் வெல்லம் பூசிய வாழைக்காய் வறுவலான சர்க்கரை வரட்டி, சௌகார்பேட்டையில் பூசணிக்காயில் செய்யும் பேட்டா. மாலையில் சைக்கிளில் வருகிற புட்டும் தேங்காய்ப்பூவும். கோடையில் நுங்கு. இவற்றில் எதிலுமே வீகன் என்று எழுதியிருக்காது.

பெரிய இனிப்புக் கடைகளில்தான் சிக்கல். “இதுல பால் இருக்கா அண்ணா?” என்று கேட்டால், “பால் ஸ்வீட் அந்தப் பக்கம் மேடம், இதுல இல்ல” என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கணக்கில் பால்கோவாவும் பேடாவும்தான் பால் ஸ்வீட், நெய்யில் பொரித்த ஜாங்கிரி அதில் சேராது. அதனால் கேள்வியை உடைத்துக் கேளுங்கள். “எதுல பொரிச்சீங்க, நெய்யா எண்ணெயா? மாவுல தயிர், வெண்ணெய் சேர்த்தீங்களா? இதே சட்டியில பாதுஷா போடுவீங்களா?” பாதுஷா மாவில் தயிரோ நெய்யோ இருக்கும். எண்ணெய் ஜாங்கிரியாகவே இருந்தாலும் அதே எண்ணெயில் பொரித்தால் ஒவ்வாமைப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

விவரம் தெரிந்தவர்களே ஏமாறும் இடம் இளநீர் பாயசம். இளநீர், வழுக்கை, தேங்காய்ப்பால் என்று பேரைக் கேட்டே வாங்கிவிடுகிறோம். ஓட்டல்களில் பெரும்பாலும் அதில் கன்டென்ஸ்டு மில்க் ஊற்றுகிறார்கள். ஆப்பத்துக்குத் தரும் தேங்காய்ப்பாலிலும் சில இடங்களில் மாட்டுப்பால் கலப்பதுண்டு. எக்லெஸ் கேக்கில் முட்டைதான் இருக்காது. முட்டைக்குப் பதிலாகத் தயிரோ கன்டென்ஸ்டு மில்க்கோ சேர்த்திருப்பார்கள். கேக் மேல் பூசும் ‘நான்-டெய்ரி’ (பால் சேராதது என்று பொருள்) கிரீமில்கூட சோடியம் கேசினேட் இருக்கலாம். அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வது, ‘நான்-டெய்ரி’ என்பதை நம்பிப் பிறந்தநாள் கேக் வாங்கும் பெற்றோர்களுக்காக.

பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்கிறது, சைவத்தில் பால் உண்டு. வீகன் உணவுக்கென்று 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறை கொண்டுவந்தது, அதன் சின்னம் பச்சைச் சதுரத்துக்குள் ஆங்கில ‘வி’ எழுத்தும் அதன்மேல் ஒரு சின்ன இலையும். அது இல்லாவிட்டால் சேர்மானப் பட்டியலுக்குக் கீழே உள்ள ஒவ்வாமை வரியைப் படியுங்கள், பால் இருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும். டார்க் சாக்லேட்டையும் அப்படிப் பார்த்தே வாங்குங்கள், பலவற்றில் பால் கொழுப்பு உண்டு.

சர்க்கரை நோயாளிகள் சிலர் வீகன் இனிப்பென்றால் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நினைக்கிறார்கள். கருப்பட்டியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், அளவு அளவுதான். முழு வீகன்கள் பி12 பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள், செடிகொடி உணவில் அது கிடைக்காது.

ஒவ்வாமைப் பிள்ளைக்கு ஒரு புது இனிப்பைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் உடம்பில் தடிப்பு, உதட்டில் வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சில் இழுப்பு என்று வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். கடும் ஒவ்வாமைக்கான எபினெஃப்ரின் ஊசியை மருத்துவர் தந்திருந்தால் அவர் சொன்னபடி உடனே போடுங்கள். ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிட்டது எது என்று மருத்துவர் கேட்பார், அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.