வேலியை ஒட்டி வீசும் காற்று

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகருக்கும் நியூ ஆர்லியன்சுக்கும் இடையே ஏறத்தாழ 85 மைல் நீளத்துக்கு, மிசிசிப்பி ஆற்றின் இரு கரைகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் நிற்கின்றன. ‘புற்றுநோய்ச் சந்து’ என்பது இப்பகுதிக்கு வழங்கும் பெயர்.

உயரமான புகைபோக்கியிலிருந்து சூடாக வெளியேறும் வாயு மேலெழுந்து, வெகுதூரம் சென்று, நீர்த்துப்போன பிறகே தரைக்கு இறங்கும். வால்வுகளிலும் குழாய் இணைப்புகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் கசியும் ஆவிக்கு அந்த உயரமும் இல்லை, வெப்பமும் இல்லை. இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய குளிர்காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் படிந்துவிட்டால், கசிந்தது தரைமட்டத்திலேயே தேங்கிவிடும். அதனால்தான் ஆலை வேலியிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி வாழ்வதா, சில மைல் தள்ளி வாழ்வதா என்பது இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

வேலியோரம் யாருக்கு வாய்த்தது என்பதற்கான விடை நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. அடிமைகளின் உழைப்பில் கரும்பு விளைந்த தோட்டங்கள் ஆற்று முகப்போடு பெரிய பெரிய துண்டுகளாக இருந்தன. விடுதலை பெற்றவர்கள் அவற்றின் விளிம்புகளில் சிற்றூர்களை அமைத்துக்கொண்டார்கள். கப்பல் வந்து நிற்கும் ஆற்றங்கரையைத் தேடிய நிறுவனங்கள் அத்தோட்டங்களை மொத்தமாக வாங்கியபோது, ஊர்கள் ஆலையின் அண்டை வீடுகளாகிவிட்டன. வறுமை மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. நுண்துகள் மாசைப் பற்றி 2021இல் வெளிவந்த ஆய்வொன்று, அமெரிக்காவில் ஒரே வருமான நிலையில் உள்ளவர்களிடையேயும் மாசைச் சுவாசிப்பதில் இன வேறுபாடு நீடிப்பதைக் காட்டியது.

இச்சந்தில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் ரிசர்வ் என்னும் ஊருக்கு அருகில், டியூபான்ட் நிறுவனம் கட்டி 2015இல் டென்கா நிறுவனத்துக்கு விற்ற ஆலை, நீரில் மூழ்குவோர் அணியும் உடைகளுக்குப் பயன்படும் நியோப்ரீன் ரப்பரைத் தயாரித்தது. அதன் மூலப்பொருளான குளோரோப்ரீன் சுமார் 59 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். எனவே சிறு கசிவும் உடனே ஆவியாகிவிடும். உடலுக்குள் அது எப்பாக்சைடு என்னும், எளிதில் வினைபுரியும் சேர்மமாக மாறி மரபணுவைச் சிதைக்கக்கூடியது என்பதால், செல்கள் வேகமாகப் பெருகும் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். ஒரு தொடக்கப்பள்ளியோ ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தது.

2016இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கே காற்றிலுள்ள குளோரோப்ரீனை அளக்கத் தொடங்கியது. காற்று நீக்கிய எஃகுக் கலம் 24 மணி நேரம் மெல்ல மெல்லக் காற்றை உள்ளிழுக்கும்; பின்னர் அதை ஆய்வகத்தில் சோதிப்பார்கள். வாழ்நாள் முழுதும் சுவாசிப்பதற்கு அம்முகமை குறித்த அளவு கன மீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம், சில நாட்களின் அளவு அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் போனது. அதுவும் ஒரு முழு நாளின் சராசரிதான். நள்ளிரவில் ஒரு மணி நேரம் மட்டும் எவ்வளவு ஏறியிருந்தது என்பதை அந்தக் கலம் தனியே காட்டாது.