சிவப்பா இருந்தா பாறைன்னு யாருங்க சொன்னா?

தரையில அடிச்சு அலை அனுப்பி, பாறை எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு பாக்கற சர்வே நம்ம வேலை. இந்த வருஷத்துல இது மூணாவது கேஸ். போன வாரம் சென்னைக்குத் தெக்கால ஒரு சைட்லேர்ந்து போன், எடுத்ததுமே "சார், ஸ்கேன் ரிப்போர்ட்ல 9 மீட்டர்ல பாறைன்னு போட்ருக்கு, நாங்க 14 மீட்டர் போயிட்டோம் இன்னும் களிமண்ணுதான் வருது, உங்க சர்வேயே பொய்யா?"ன்னு ஒரு இன்ஜினியர். அந்த ரிப்போர்ட் நான் குடுத்ததே இல்ல. சரி அனுப்புங்கன்னேன், வாட்ஸப்ல ஒரே ஒரு பக்கம் வந்துச்சு. மேல நீலம், நடுவுல பச்சை, கீழ சிவப்பு. கலர் மட்டும் ஜம்முனு இருக்கு.

சிவப்பு ஆரம்பிக்கற எடத்துல அலை போற வேகம் என்னன்னு பாத்தேன், செகண்டுக்கு 1500 மீட்டர். "பக்கத்துல கிணறு இருக்கா? தண்ணி எத்தனை அடியில நிக்குது?"ன்னு கேட்டேன். விசாரிச்சுட்டு வந்து "30 அடி இருக்கும் சார்"ன்னார். 30 அடின்னா 9 மீட்டர். பாறை இல்லைங்க அது, தண்ணி! காஞ்ச மண்ணுல முதல்ல வந்து சேர்ற அலை 300, 500னு மெதுவாப் போகும், அதே மண்ணு தண்ணில ஊறிட்டா எவ்ளோ கொழகொழன்னு இருந்தாலும் 1500க்குத் தாவிடும். செதஞ்ச பாறைக்கும் அதே 1500 வரும். நம்பர மட்டும் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்.

இந்த "ஸ்கேன்"ங்கற வார்த்தைய யாரு கிளப்பி விட்டாங்கன்னு தெரியல, அதான் எல்லாத்தையும் கெடுக்குது. நாங்க பண்றது ரிஃப்ராக்‌ஷன் சர்வே, பூமிய போட்டோ எடுக்கறதில்லைங்க. தரையில இரும்புத் தகடு வெச்சு சம்மட்டியால அடிக்கிறோம், தரை அதிர்வப் பிடிக்கற ஜியோபோன் வரிசையா 24 நட்டு வெச்சிருக்கோம், ஒவ்வொண்ணுக்கும் அலை எத்தனை மில்லிசெகண்ட்ல வந்து சேந்துச்சுன்னு குறிக்கிறோம், கையில இருக்கறது அந்த நேரம் மட்டும்தான். கல்யாண சாம்பார நாக்குல வெச்சுப் பாத்துட்டு உள்ள என்னென்ன போட்டாங்கன்னு சொல்ற வேலை இது. பொருளக் குடுத்தா ருசி எப்படி வரும்னு சொல்லிடலாம், ருசியிலேர்ந்து பொருளுக்குத் திரும்பிப் போறதுதான் இன்வெர்ஷன். புளிப்பு புளியால வந்துச்சா தக்காளியாலயான்னு ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொல்லலாம், ரெண்டுமே அந்த ருசிக்குப் பொருந்தும்.

நம்பலன்னா கேளுங்க. அந்த சைட்டோட ரா ஃபைல வாங்கி நானே ரெண்டு வாட்டி ஓட்டினேன், ஆரம்ப மாடல, அதாவது உள்ள இப்படி இருக்கும்னு கம்ப்யூட்டருக்கு முதல்ல குடுக்கற யூகத்த மட்டும் மாத்தி. ஒண்ணுல 9 மீட்டருக்குக் கீழ வேகம் ஏறிக்கிட்டே போய் 2500 தொடுது, இன்னொண்ணுல கடைசி வரைக்கும் 1600லயே நிக்குது. அளந்த நேரத்துக்கும் கணக்குப் போட்ட நேரத்துக்கும் வித்தியாசம் ரெண்டுலயும் 2 மில்லிசெகண்ட்தான். எது சரின்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதுல இன்னொரு கூத்து, ஜியோபோன் 2 மீட்டருக்கு ஒண்ணு, அப்ப மொத்த லைனே 46 மீட்டர், ஆழம் லைன் நீளத்துல நாலுல ஒண்ணு அஞ்சுல ஒண்ணு கெடச்சாலே பெருசு, ஆனா படம் 25 மீட்டர் வரைக்கும் போகுது. அலையே போகாத எடத்துக்கு சாஃப்ட்வேர் பெயின்ட் அடிச்சிருக்கு.

"ஃபுல் வேவ்ஃபார்ம் இன்வெர்ஷன் போட்டா சரியாயிடுமா சார்?"னும் ஒருத்தர் கேட்டார். டாரன்டோலாங்கற விஞ்ஞானி 1984லயே எழுதி வெச்சது, நல்ல முறைதான், முதல் அலையோட நிக்காம முழு அலையையும் பொருத்தும். வட கடல்ல நார்வே பக்கம் இருக்கற வால்ஹால் எண்ணெய் வயல்ல எண்ணெய்க்கு மேல கேஸ் பரவிக் கெடந்து படமே தெரியாம இருந்துச்சு, அதத் தெளிவாக்கினது இதுதான். ஆனா அங்க கடலடியில அலையப் பிடிக்க 2300 ரிசீவர், அலை அனுப்ப கிட்டத்தட்ட 50,000 ஷாட். ஆரம்ப மாடல்ல அலை அரை சுத்து தள்ளிப் போச்சுன்னா கணக்கு தப்பான எடத்துல போய் ஒக்காந்துக்கும், அதுவும் ரொம்ப நம்பிக்கையா. சம்மட்டி அலை 40 ஹெர்ட்ஸ்னா உங்களுக்கு இருக்கற எடம் 12 மில்லிசெகண்ட், அவ்ளோதான்.

அதனால தயவுசெஞ்சு ரிப்போர்ட் வாங்கும்போது வாயத் தொறந்து கேளுங்க. கணக்கு எவ்ளோ தப்போட முடிஞ்சுது, ஆரம்ப மாடல் என்ன, அலை எந்த எடம் வரைக்கும் போச்சு. பதில் வரலன்னா காசு குடுக்காதீங்க. அதே லைன்ல சர்ஃபேஸ் வேவும், அதாவது தரை மேலோட்டமாப் போற அலையும் எடுக்கச் சொல்லுங்க, அதுலேர்ந்து வெட்டு அலையோட (மண்ண பக்கவாட்டுல ஆட்டிட்டுப் போற அலை) வேகம் கெடைக்கும், வெட்டு அலைக்குத் தண்ணி கண்ணுலயே படாது, மண்ணுன்னா மெதுவாத்தான் போகும். மேல கெட்டியா காங்க்ரீட்டோ செம்புராங்கல்லோ இருந்து கீழ இளக்கமா இருந்தா ரிஃப்ராக்‌ஷன் அந்த இளக்கத்தக் காட்டவே காட்டாது, அதுக்கும் இதுதான் வழி. லைன் மேலயே ஒரு போர்ஹோல் (துளை) போட்டு மண்ணப் பாருங்க, சர்வேக்கு முன்னாடி, பிரச்சனை வந்தப்பறம் இல்ல. சர்வே பண்ற தம்பிங்களா, பஸ் போற ரோட்டுல காலைல 9 மணிக்கு ரெண்டு அடி அடிச்சுட்டுக் கெளம்பாதீங்கப்பா, வண்டி அதிர்வு கம்மியா இருக்கற ராத்திரி போய் பத்து அடி அடிச்சு எல்லாப் பதிவையும் ஒண்ணாக் கூட்டுங்க.

அந்த இன்ஜினியர் நேத்து திரும்பக் கூப்ட்டார், 19 மீட்டர்ல பாறை தட்டிடுச்சாம். இங்க இருக்கற சார்னோகைட்ங்கற பாறை செதையும்போது நடுவுல பெருசு பெருசா பாறை உருண்டைங்க தங்கிடும், இன்னும் 3 மீட்டர் உள்ள போய்ப் பாத்துட்டு அப்பறம் சொல்லுங்கன்னேன். போயிட்டு இருக்காங்க.